ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு வயர்

சுபாங்கனுக்கு முன்பல் இரண்டு போன அன்றுதான் அந்த வீட்டுக்கு இணைய இணைப்பு எடுப்பதென்று முடிவானது. பல்லுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்றது அவனுடைய கைபேசி.

கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் வலைக் கம்பத்தைப் பிடுங்கும் அளவுக்குப் போனது. எதிர்வீட்டு லக்சன் கம்பத்தை ஓங்கினான். சுபாங்கனுக்குக் கையில் வேறொன்றும் அகப்படவில்லை. பிடித்திருந்த கைபேசியாலேயே லக்சனின் நெற்றியில் இடித்தான். நெற்றியும் பிளந்தது, கைபேசியும் பிளந்தது. அடுத்த கணம் கம்பம் அவனுடைய வாயில் இறங்கியது.

வீட்டுக்கு வந்தவனின் சட்டையைத் தாய் அருமைநாயகி கிணற்றடியில் ஊறப்போட்டாள். வாளித் தண்ணீர் சிவந்தது. ஊற்றிவிட்டு மறுபடி அள்ளினாள். அதுவும் சிவந்தது.

"ரெண்டு பல்லோடை போச்செண்டு சந்தோசப்படு. அடுத்த முறை உங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தன் சாவான். ஒருத்தன் செத்துத்தான் இது முடியும்."

வாயில் துணியை அடைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்த சுபாங்கன் துணியை எடுத்தான். "சாகிறது அவனாத்தான் இருக்கும்."

"வாயைப் பொத்து. பல்லுப் போயும் வாய் குறையேல்லை உனக்கு."

தங்கை வினோஜா உடைந்த கைபேசியின் துண்டுகளைக் கையில் வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார நாட்களில் மாலை வகுப்புக்குப் பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் போகிறவள் அவள். கணக்கியல் படிக்கிறாள். சனிக்கிழமைப் பாடம் மட்டும் இணையத்தில். அந்தப் பாடத்தை அண்ணனின் கைபேசியில்தான் கேட்டுவந்தாள். அண்ணன் பல்லை இழந்து படிக்கட்டில் இருக்கும்போது தன் வகுப்பைப் பற்றி நினைப்பது சரியா என்று ஒரு மனம் கேட்டது. வகுப்பை விட்டால் சரியாகிவிடுமா என்று மறு மனம் கேட்டது. அவளுடைய மனம் எப்போதும் அப்படித்தான், இரண்டு பேர் குடியிருக்கும் வீடு.

கனடா அத்தை போன வருடம் கொண்டுவந்து கொடுத்த டப் கணினி ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. சிம் போட இடமில்லாதது. வைஃபை இருந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

"ரவுட்டர் ஒண்டு எடு பிள்ளை," என்றாள் அருமைநாயகி. "இனிமேல் இவன்ரை போனை நம்பி நாங்கள் இருக்கேலாது. அதை ஆரின்ரை தலையிலை அடிப்பான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

எதை எடுப்பது என்ற பொறுப்பு வினோஜாவின் தலையில் விழுந்தது. கடையில் ஒரு தேங்காய் வாங்குவதென்றாலும் மூன்றைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்து, முதலாவதை எடுத்துக்கொண்டு வந்து, படலையடியில் நின்று இரண்டாவதை எடுத்திருக்கலாமோ என்று யோசிப்பவள் அவள். இணைய இணைப்பை விடுவாளா? சண்டிலிப்பாய்ச் சந்திக் கடைக்கு நான்கைந்து தடவை போய்வந்தாள்.

"என்ன பாவனைக்கு?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"குறைஞ்ச பாவனைதான். கிழமைக்கு ஒரு வகுப்பு. அம்மா அத்தையோடை முகம் பாத்துக் கதைப்பா. வேறை ஒண்டுமில்லை."

"அதுக்குச் சிம் போடுற சின்ன ரவுட்டர் காணும் அக்கா. வயர் ஒண்டும் வேண்டாம். ஃபைபர் லைன் எண்டால் படம் பாக்கிற சனத்துக்கு. உங்களுக்கு உது பெரிசு."

வினோஜா அதை நம்பவில்லை என்றில்லை. சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கூடப் படிக்கும் சுபாஜினியிடம் சின்ன ரவுட்டரை இரவல் வாங்கிவந்து வீடு முழுக்கக் கொண்டு திரிந்தாள். விறாந்தையில் சிக்னல் ஒரு கோடு. குசினியில் இரண்டு. சுவாமி அறையில் ஒன்றுமே இல்லை. குளியலறை யன்னலில் மட்டும் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன.

"நல்லதாப் போச்சு," என்றான் சுபாங்கன், இல்லாத பல்லுக்குள்ளால் காற்றுப் போக. "குளிச்சுக்கொண்டே படிக்கலாம்."

அன்று மழை வந்தது. அத்தை கனடாவிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது திரையில் அவளுடைய வாய் திறந்தபடியே உறைந்துபோனது. அப்படியே நெடுநேரம் நின்றது. பரீட்சைக்கு நடுவில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று வினோஜாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம்தான் அவளை ஃபைபர் பக்கம் தள்ளியது. தேவைக்கு மேலே என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மழையும் காற்றும் பின்வளவுப் பனங்கூடலும் அதை ஒன்றும் செய்யாது என்றார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். லைன் எடுக்க வேண்டிய தூண் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போகும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், லக்சன் வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றது.

லைன் இழுக்க வந்த குகதாசன் ஏணியைச் சார்த்த முன்னமே வினோஜா கேள்விகளைத் தொடங்கிவிட்டாள். வயர் அறாதா? வைக்கோல் லொறி வந்தால் தட்டாதா? இடி விழுந்தால்?

"வைக்கோல் லொறிக்கு மேலாலை தான் கட்டுவன் தங்கச்சி. உங்கடை பக்கத்திலை உயரமாய்க் கொளுவ ஒரு தூண் நட்டால் நல்லது. ஆனா அதுக்கு நாள் எடுக்கும். உந்தப் பூவரசு பெலமான மரம்தானே?"

வினோஜா மதிலோரப் பூவரசை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. சரி என்றாள்.

"வயர் அறாது," என்று குகதாசன் ஒரு துண்டை வளைத்துக் காட்டினான். "உள்ளை கண்ணாடி நூல். பக்கத்திலை உருக்குக் கம்பி. இழுத்தால் அறாது, கத்தியாலை வெட்டவும் ஏலாது. குறடுதான் வேணும்."

"கழட்டிறதெண்டால்?"

"என்ன தங்கச்சி, போட முன்னமே கழட்டக் கேக்கிறியள்?"

"சும்மா, தெரிஞ்சிருக்கட்டும் எண்டு."

"இந்தக் கொளுக்கியைத் தூக்கி இஞ்சாலை திருப்பினால் வந்திடும். ஆனா வயர் இறுகி நிண்டால் வராது. கொஞ்சம் தளர்த்த வேணும்."

தூணில் ஏறி அவன் பாதி வேலை முடித்திருப்பான். எதிர்ப்படலை திறந்தது. நெற்றியில் தையலோடு லக்சன் வந்தான்.

"ஆரைக் கேட்டு எங்கடை வாசலுக்கு மேலாலை வயர் போடுறியள்?"

"தம்பி, தூண் றோட்டிலை நிக்குது," என்றான் குகதாசன் மேலிருந்து.

"இறங்கடா கீழை."

லக்சன் மேசன் வேலை செய்பவன். சீமெந்து மூட்டை தூக்கிய கைகள். ஏணியின் இரண்டு காலையும் பிடித்து ஆட்டினான். குகதாசன் கையிலிருந்த குறட்டை நழுவவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். குறடு லக்சனின் தோளில் பட்டு விழுந்தது. அதே வேளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாதிக் கல் பறந்து போய் லக்சனின் படலைத் தகரத்தில் இடித்தது. சுபாங்கன் இரண்டாவது கல்லைத் தேடிக் குனிந்திருந்தான்.

"வாடா பல்லா! மிச்சத்தையும் எடுத்து விடுறன்!"

"முதல் உன்ரை மண்டை ஒட்டிட்டுதோ எண்டு பாரடா!"

லக்சனின் தாய் குணலட்சுமி ஓடிவந்து மகனின் சாரத்தைப் பின்னால் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் அருமைநாயகி மகனின் கையைக் கடித்தே கல்லை விடுவித்தாள். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போகும்போது லக்சன் மேலே பார்த்துச் சொன்னான்:

"இந்த வயர் ஒரு நாளைக்கு என்ரை கையிலை அகப்படும்."

ஒழுங்கையில் நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். பின்னால் அந்த வார்த்தை எல்லோருக்கும் நினைவு வந்தது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக.

இணைப்பு நன்றாக வேலை செய்தது. அத்தை உறையாமல் கதைத்தாள். சனிக்கிழமைகளில் வினோஜா குளியலறைக்குப் போகாமல் மேசையிலிருந்தே படித்தாள். ஆனால் படலையைத் திறக்கும் போதெல்லாம் தலைக்கு மேலே போகும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து, சின்ன ரவுட்டரோடு நின்றிருக்கலாமோ என்று நினைக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

அம்மன் கோயில் திருவிழா வந்தது. லக்சனின் நெற்றிக் காயம் ஆறினால் அவனைத் தூக்குக்காவடி எடுப்பிப்பதாகக் குணலட்சுமி நேர்ந்திருந்தாள். காயம் ஆறிவிட்டது. முதுகிலும் தொடையிலும் முட்கொளுக்கிகளைக் குத்தி, கயிற்றில் கட்டி, உழவு இயந்திரத்தில் நிறுத்திய துலா மரத்தில் முகம் நிலத்தைப் பார்க்கத் தொங்கியபடி கோயிலுக்குப் போக வேண்டும். லக்சனின் கூட்டாளிகள் துலாவை மற்ற வருடங்களைவிட உயர்த்திக் கட்டினார்கள். எங்கடை பொடியன் எல்லாருக்கும் மேலாலை வரவேணும் என்றார்கள்.

முதல்நாள் பின்னேரம் வினோஜா வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தபோது குணலட்சுமி ஒழுங்கையின் நடுவில் வந்து நின்றாள். கையில் தென்னங்குருத்துத் தோரணமும் பெரிய கட்டு வேப்பிலையும்.

"பிள்ளை," என்றாள்.

சண்டைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதற்சொல் அது.

"காவடி எங்கடை வாசலாலைதான் வெளிக்கிடுது. குறுக்காலை தோரணம் கட்டக் கயிறு தேடுறன். உங்கடை வயர் நல்லா இழுத்துக் கட்டிக் கிடக்கு. அதிலை கட்டினால் குறையோ?"

வினோஜாவுக்கு மனம் நிறைந்துபோனது. வயரைப் பற்றி நினைக்கவே இல்லை. குணலட்சுமியின் முகத்தை மட்டும்தான் பார்த்தாள்.

"ஓம் மாமி. கட்டுங்கோ. கொக்கத்தடி தரட்டோ?"

இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குணலட்சுமி தோரணத்தைக் கொக்கத்தடியால் உயர்த்த, இந்தப் பக்கம் மதிலில் ஏறி நின்று வினோஜா முடிந்தாள். வேப்பிலைக் கட்டுகளையும் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

காலையில் வினோஜா எழும்பி வந்து பார்த்தபோது வயர் தாழ்ந்திருந்தது. பச்சை வேப்பிலையின் பாரம், மேலே பனி. வடிவாக உற்றுப் பார்த்தாள். தாழ்ந்துதான் இருந்தது. ஒரு தடி எடுத்து முட்டுக்கொடுக்கலாமா என்று வளவுக்குள் போனாள். தடியைத் தூக்கியும் விட்டாள். அப்போது மறு மனம் கேட்டது: நீ எதைத்தான் சரியென்று விட்டிருக்கிறாய்? மங்கலமாகக் கட்டிய தோரணத்துக்குக் கீழே கோணலாக ஒரு தடியை நட்டால் மாமி என்ன நினைப்பா? வயது முழுக்கச் சந்தேகப்பட்டது காணாதா?

தடியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். சந்தேகப்பட்டே பழகியவள், சந்தேகத்தையே சந்தேகித்த ஒரு நாள் அது.

அன்று சுபாங்கனைப் படலைக்கு வெளியே விடுவதில்லை என்பது அருமைநாயகியின் கட்டளை. அவனும் ஒழுங்காகக் குசினியில் இருந்து பொங்கலுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். வெளியே மேளம் எழும்பியது. உழவு இயந்திரம் உறுமியது. எதிர்வீட்டுக்குப் பக்கத்துக் காணியிலிருந்து காவடி ஒழுங்கைக்குத் திரும்பியது.

வினோஜா படலைக்கு வெளியே மதிலோரம் நின்றாள். லக்சன் ஆகாயத்தில் கிடந்தான். முதுகுத் தோல் கொளுக்கி கொளுக்கியாக மேலே இழுபட்டிருந்தது. இரண்டு கன்னச் சொக்கையையும் துளைத்து ஒரு வெள்ளி வேல் குத்தியிருந்ததால் வாய் அசையவில்லை. திருநீறு பூசிய முகம். கண் மட்டும் விழித்திருந்தது. கீழே அவனுடைய கூட்டாளிகள் அரோகரா போட்டு ஆடினார்கள். பின்னால் இன்னும் இரண்டு காவடி, அதற்குப் பின்னால் ஒழுங்கை நிறையச் சனம்.

துலாவின் நுனி தோரணத்துக்கு மேலே போனது. லக்சனின் தலை தோரணத்துக்குக் கீழே வந்தது. நடுவில் கயிறுகள்.

"நிப்பாட்டுங்கோ!" என்று வினோஜா கத்தினாள். மேளம் அதைத் தின்றது.

வயர் முதலில் தோள்பட்டைக் கயிறுகளில் விழுந்தது. சாரதிக்குத் தெரியவில்லை, வண்டி நகர்ந்தது. கயிறுகள் பின்னுக்குப் போயின, உடம்பு முன்னுக்குப் போனது. ஒரு கொளுக்கி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து காற்றில் ஆடியது. பிறகு இன்னொன்று. வேப்பிலையில் இரத்தம் தெறித்தது. லக்சனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாய் திறக்க முடியாத மாட்டின் சத்தம்.

அப்போதுதான் வண்டி நின்றது. பின்னுக்கு எடுக்க வழியில்லை. ஆட்கள் வயரில் பாய்ந்து தொங்கி இழுத்தார்கள். இழுக்க இழுக்க மிச்சக் கொளுக்கிகளும் தோலோடு எழும்பின.

"இழுக்காதேங்கோடா! இழுக்காதேங்கோ!" குணலட்சுமி மண்ணில் விழுந்து தலையில் அடித்தாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் சுபாங்கன் ஓடிவந்தான். மதிலுக்கு மேலால் பார்த்தான். என்ன நடந்ததென்று ஒரு பார்வையில் விளங்கியது. தேங்காய் உடைத்த கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. மதிலைத் தாண்டிக் குதித்து, உழவு இயந்திரத்தின் முன்மூடியில் கால் வைத்து ஏறி, வயரை ஒரு கையால் பற்றிக் கத்தியை ஓங்கினான்.

கீழே நின்றவர்களின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. மேலே கட்டுண்டு கிடக்கிறான் லக்சன். அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கத்தியோடு, பல்லில்லாத பகைவன்.

"வெட்டப்போறானடா!"

"வயரைப் பதிச்சுத் தாழக் கட்டினதும் உவன்தான்! பிடியடா!"

காலைப் பிடித்து இழுத்தார்கள். சுபாங்கனின் முகம் வண்டியின் இரும்பில் மோதிக்கொண்டு கீழே வந்தது. தாடை உடைந்த சத்தம் வினோஜாவுக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தாள். ஒருவன் கத்தியைப் பறித்தான். பறித்தவனே வீசினான். சுபாங்கனின் முன்கை முழங்கை வரைக்கும் திறந்துகொண்டது. பொல்லுகள் இறங்கின. ஒருவன் எதிர்வீட்டு வேலிக் கதியால் தடியை முறித்து அடித்தான். ஒருவன் குதிக்காலால் விலாவில் உழக்கினான். சுபாங்கன் உருண்டு மதிலோரம், பூவரசின் அடியில் வந்து சுருண்டான். அடி அவனைத் துரத்திக்கொண்டு வந்தது.

"வயரை வெட்டத்தான் போனவன்! வயரை வெட்ட!" வினோஜா ஒருவனின் முதுகில் குத்தினாள், இன்னொருவனின் கையைப் பிடித்தாள். ஒரு முழங்கை அவளுடைய கண்ணுக்குக் கீழே இடித்துத் தள்ளியது. நிலத்தில் விழுந்தாள்.

விழுந்தபடி மேலே பார்த்தாள். லக்சனின் முதுகிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அடிப்பவர்களின் தலையில், தோளில் அது விழுந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர்களுக்கு வெறி ஏறியது. அந்தச் சொட்டு நிற்காமல் இந்த அடி நிற்காது.

அவளுக்கு அந்த ஒரு நினைப்புத்தான் வந்தது. மறு மனம் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

மரத்துக்குப் போக வழியில் அண்ணன் கிடந்தான். சுற்றிப் போக இடமில்லை. வினோஜா அவனுடைய வயிற்றில் கால் வைத்து உந்தி மதிலில் தொற்றினாள். மதிலிலிருந்து பூவரசின் கவட்டுக்கு. வயர்க் கொளுக்கி கைக்கெட்டியது. தூக்கினாள். அசையவில்லை. வயர் இறுகி நின்றது. தளர்த்த வேண்டும் என்று குகதாசன் சொன்னது நினைவு வந்தது. கொளுக்கி பூட்டிய கிளையில் வயிற்றை அழுத்தி, ஒழுங்கைப் பக்கமாக நுனியை நோக்கி ஊர்ந்தாள். அவளுடைய பாரத்துக்குக் கிளை வளைந்தது. முறியும் போல நெரிந்தது. வயர் ஒரு விரலளவு தளர்ந்தது. கொளுக்கியைத் தூக்கி உள்ளே திருப்பினாள்.

வயர், தோரணம், வேப்பிலை எல்லாம் சேர்ந்து சடசடவென்று விழுந்தன. கயிறுகள் துள்ளி நேரே வந்தன. லக்சன் ஒருமுறை ஊஞ்சல் போல ஆடி நின்றான். ஆனால் கீழே அடி நிற்கவில்லை. கத்தி மறுபடி எழும்பியது.

கிளையில் தொங்கிய வினோஜாவுக்கும் துலாவில் தொங்கிய லக்சனுக்கும் இடையில் ஒழுங்கையின் பாதி அகலம்கூட இல்லை. எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். அவள் கத்தினாள், குரல் எழும்பவில்லை. "சொல்லடா," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

லக்சன் கையை உயர்த்தி, வெள்ளி வேலை நுனியில் பிடித்து, கழற்றும் முறை ஒன்றும் பாராமல் இழுத்தான். சொக்கை கிழிந்தது. இரத்தத்தோடு குரல் வந்தது.

"விடுங்கோடா நாயளே! வயரை வெட்ட வந்தவனடா! என்னைக் காப்பாத்த வந்தவனடா!"

மேளம் நின்றது. ஓங்கிய கத்தி ஓங்கியபடி நின்றது. குழந்தை ஒன்று எங்கோ அழுதுகொண்டிருந்தது மட்டும் கேட்டது.

துலாவைக் கழற்றி எறிந்துவிட்டு அதே உழவு இயந்திரத்தின் பெட்டியில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஒருவன் குப்புற, ஒருவன் மல்லாக்க. இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு தலையை மடியில் வைத்திருந்தார்கள். வழி முழுக்கக் குணலட்சுமி, "நான்தானே கட்டினனான், நான்தானே கட்டினனான்," என்று புலம்பினாள். "நான்தானே மாமி ஓம் எண்டனான்," என்றாள் வினோஜா. அருமைநாயகி இருவரையும் பார்த்து, "காயத்தை அமத்திப் பிடியுங்கோ ரெண்டு பேரும்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் அடுத்தடுத்து அமைந்தன. சுபாங்கனின் தாடையைக் கம்பியால் கட்டி வாயைப் பூட்டிவிட்டார்கள். லக்சனின் சொக்கையில் உள்ளும் புறமும் தையல், கதைக்கவே கூடாது என்றார்கள். ஒழுங்கையைக் கிடுகிடுக்க வைத்த இரண்டு வாயும் மூடியாகிவிட்டது. குணலட்சுமி ஒரே கோப்பையிலிருந்து இரண்டு பேருக்கும் மாறி மாறிக் கஞ்சியை உறிஞ்சக் கொடுத்தாள்.

பொலிஸ்காரர் வந்து ஆர் வெட்டியது என்று கேட்டார். சுபாங்கன் அத்தையின் டப்பில் எழுதிக் காட்டினான்: தெரியேல்லை.

"பட்டப்பகலிலை முன்னாலை நிண்டு வெட்டினவனைத் தெரியேல்லையோ?"

சுபாங்கன் விரலால் தட்டினான்: சனம் கூட.

வெட்டியவன் லக்சனின் மச்சான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். லக்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பொலிஸ்காரர் போன பிறகும் நெடுநேரம் திரும்பவில்லை.

ஃபைபர் வயரை மறுபடி இழுக்கக் குகதாசன் வந்தபோது அருமைநாயகி படலையிலேயே நிறுத்திவிட்டாள். வினோஜா சந்திக் கடைக்குப் போய், ஒரே தடவையில், வேறெதையும் கேட்காமல், கைக்குள் அடங்கும் சிம் ரவுட்டரை வாங்கிவந்தாள். பரீட்சையைக் குளியலறை யன்னலடியில் எழுதினால் போகிறது. மழை பெய்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னேரம் நோயாளர் பார்க்கும் நேரத்தில் அதைக் கைப்பைக்குள் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கட்டில்களுக்கு நடுவில் இருந்த மேசையில் வைத்து, கடவுச்சொல்லை இரண்டு பேருக்கும் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் டப் கிணுங்கியது. ஒரு முழத் தூரத்தில் கிடந்துகொண்டு லக்சன் தன் கைபேசியிலிருந்து மெசெஞ்சரில் எழுதியிருந்தான்.

"உன்ரை தங்கச்சி மரத்திலை ஏறேக்கை உன்ரை வயித்திலை மிதிச்சவள். மேலை இருந்து பாத்தனான்."

சுபாங்கன் கண்ணை உருட்டி வினோஜாவைப் பார்த்தான்.

"ஓம்," என்றாள் அவள். "மிதிச்சனான்."

அவன் இடக்கையால் தட்டித் தட்டி எழுதினான். "பந்து வெளியிலைதான் விழுந்தது."

உடனே பதில் வந்தது. "உள்ளை."

"வெளியிலை."

"எழும்பி வந்தன் எண்டால் தெரியும். அடுத்த முறை மற்றப் பல்லும் இல்லை."

"அடுத்த முறை நீ துலாவிலை இல்லை, பாடையிலை."

சுபாங்கனின் தோள் குலுங்கியது. சிரிப்பா, நோவா, கோபமா என்று கம்பி கட்டிய முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. லக்சனின் காது சிவந்திருந்தது. வினோஜா இரண்டு திரையையும் மாறி மாறி வாசித்தாள். அடுத்த முறை. அம்மா கிணற்றடியில் நின்று சொன்ன அதே சொல். வாளித் தண்ணீரின் நிறம் நினைவு வந்தது.

மேசையிலிருந்த ரவுட்டரை எடுத்து நிற்பாட்டினாள்.

இரண்டு திரையிலும் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. இரண்டு பேரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

"அடுத்த முறை எண்டு ஒண்டில்லை," என்றாள் வினோஜா. ரவுட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒருக்கா மரத்திலை ஏறியிட்டன். இனி ஏறமாட்டன். இல்லையெண்டு ரெண்டு பேரும் தலையாட்டினால் போடுறன். இல்லாட்டி ரெண்டு பேரும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடவுங்கோ."

லக்சன்தான் முதலில் ஆட்டினான். தையல் இழுத்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தது.

சுபாங்கன் ஆட்டவில்லை. டப்பில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வினோஜா ரவுட்டரைக் கைப்பைக்குள் போட்டு, இழுத்துப் பூட்டி, கதிரையை விட்டு எழும்பினாள். வாசலை நோக்கி நடந்தாள். மறு மனம் இப்போது முழித்துக்கொண்டு, திரும்பிப் பார், கொஞ்சம் பொறு, உனக்கு என்ன தெரியும் என்று பின்னாலேயே வந்தது. அவள் திரும்பவில்லை.

கட்டிலின் இரும்பில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை. பிறகு விடாமல்.

திரும்பினாள். சுபாங்கன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கம்பி கட்டிய தாடை நோகும் என்று தாதி ஓடிவந்து பிடித்து நிறுத்தும் வரைக்கும் ஆட்டினான்.